ஹைவேல போறப்ப டயர் ட்ரெட் உரியறது: முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கிறது, நடந்துட்டா என்ன பண்றது

கார் டயர் நல்லா இருக்கான்னு கேட்டா நம்ம ஊர்ல முக்காவாசி பேர் குனிஞ்சு ட்ரெட் (ரோட்டுல படற, பள்ளம் போட்ட மேல் ரப்பர்) ஆழத்தை மட்டும் பாத்துட்டு "இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும்"னு சொல்லிடுவாங்க. சிட்டிக்குள்ள ஆபீஸ் போய்ட்டு வர்ற வண்டிக்கு அது ஓரளவு சரி. சென்னைல கிளம்பி திருநெல்வேலி வரைக்கும் நாலுவழிச்சாலைல 100ல போகப்போற வண்டிக்கு அந்த ஒரு பார்வை பத்தவே பத்தாது. ஏன்னா ஹைவேல பல டயர் தேஞ்சு போய் போறதில்ல, ட்ரெட் முழுசா இருக்கறப்பவே அது உள்ள இருக்குற கம்பி அடுக்கோட சேர்ந்து உரிஞ்சு வந்துடுது. ரொம்ப ஆபத்தானது எதுன்னு கேட்டா நான் வருஷத்துல ரெண்டு தடவ மட்டும் ஊருக்குப் போய் வர்ற, மத்த நாள் பூரா வாசல்ல வெயில்ல நிக்கிற, ஏழெட்டு வருஷ பழைய டயர் போட்ட வண்டியத்தான் சொல்லுவேன். பாக்க புதுசு மாதிரியே இருக்கும், அதான் யாருக்கும் சந்தேகமே வராது.

உள்ள என்ன நடக்குது

கார்ல இருக்கறது எல்லாமே இப்ப ரேடியல் டயர். வெளிய தெரியற ட்ரெட் ரப்பருக்கு அடில ரெண்டு அடுக்கு ஸ்டீல் கம்பி பெல்ட் ஒண்ணு மேல ஒண்ணா சாய்வா குறுக்க படுத்திருக்கும், அதுக்கும் கீழ பாலியஸ்டர் நூல் போட்ட உடம்பு. இந்த ரெண்டு ஸ்டீல் பெல்ட்டுக்கு நடுவுல இருக்குற மெல்லிசான ரப்பர்தான் அத்தனையையும் ஒட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. பெல்ட்டோட ஓரம், அதாவது டயரோட தோள்பட்டை பக்கம், அங்கதான் இழுவிசை ரொம்ப அதிகம், விரிசல் ஆரம்பிக்கறதும் அங்கதான்.

185/65 ஆர்15 சைஸ் டயர எடுத்துக்கோங்க, அது ஒரு சுத்து சுத்தினா ஏறக்குறைய 1.95 மீட்டர் போகும். 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 14 சுத்து. அப்படின்னா டயர்ல எந்த இடத்தை எடுத்தாலும் அது ஒரு செகண்டுக்கு 14 தடவ ரோட்டுல பட்டு அமுங்கி திரும்ப நிமிருது. ஒரு கட்டுக்கம்பிய முன்னும் பின்னும் வேகமா வளைச்சா வளையற இடம் கைல சுடும் பாருங்க, அதே சூடுதான் இங்கயும். காத்து சரியா இருந்தா வளையறது கம்மி, உருவாகற சூடு வெளிய போய்ட்டே இருக்கும். காத்து கம்மியா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா வளையும், சூடு வெளிய போறத விட உள்ள சேர்றது வேகமா இருக்கும். அதனாலதான் கிளம்பின உடனே எதுவும் ஆகாது, அரை மணி முக்கா மணி ஒரே வேகத்துல போனதுக்கு அப்புறம், வண்டி ஜாலியா போய்ட்டு இருக்கறப்ப திடீர்னு போகும்.

இத உலகத்துக்கே காட்டினது ஃபயர்ஸ்டோன் – ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விவகாரம். 2000 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி கிட்டத்தட்ட 65 லட்சம் டயர திரும்ப வாங்கிக்கறதா அறிவிச்சது. பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரர் மாதிரி எஸ்யூவில போட்ட 15 இன்ச் டயருங்க, ஹைவே வேகத்துல ட்ரெட் உரிஞ்சு வண்டி உருண்டு 200 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா சம்பவங்கள் அதிகம் நடந்தது டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா மாதிரி வெயில் ஊர்கள்ல. ஃபோர்டு அந்த வண்டிக்கு சொல்லியிருந்த காத்து 26 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு, பங்க்ல சொல்ற நம்பர்), டயர் கம்பெனி அப்புறமா 30 வைங்கன்னு சொன்னாங்க. டயர்ல பெல்ட்டுக்கு நடுவுல இருக்க வேண்டிய ரப்பர்ல குறை, அதுக்கு மேல வெயில், சுமை, வேகம், கம்மி காத்து. தனித்தனியா வந்தா டயர் தாங்கும், எல்லாம் ஒண்ணா சேர்ந்தப்ப தாங்கல. அந்த வருஷமே அங்க ட்ரெட் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு, இன்னிக்கு நம்ம டேஷ்போர்டுல எரியற டயர் பிரஷர் லைட்ட அமெரிக்காவுல எல்லா புது காருக்கும் கட்டாயம் ஆக்குனதுக்கு அந்தச் சட்டம்தான் மூலம்.

மே மாசம் மத்தியானம் உளுந்தூர்பேட்டை தாண்டி பெரம்பலூர் பக்கம் ரோடு எப்படி கொதிக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். கார்ல அஞ்சு பேர், டிக்கி முழுக்க பை, அரிசி மூட்டை, தேங்காய், ரெண்டு மாசமா பாக்காத காத்து. வேணுங்கற எல்லாத்தையும் நாமளே சேர்த்து வச்சிக்கிட்டு கிளம்பறோம்.

கிளம்பறதுக்கு முதல் நாள்

காத்துலேர்ந்து ஆரம்பிங்க. எவ்வளவு வைக்கணும்னு பங்க்ல இருக்கறவர கேக்காதீங்க, அவரு எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர்தான் சொல்லுவாரு. டிரைவர் கதவ திறந்தா கதவு தூண்ல இல்லன்னா பெட்ரோல் மூடி உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ரெண்டு வரிசை நம்பர் போட்டிருக்கும், ஆள் கம்மியா இருந்தா ஒண்ணு, ஃபுல் லோடுக்கு இன்னொண்ணு. பின் டயருக்கு ஃபுல் லோடு நம்பர் பல வண்டில அதிகமாவே இருக்கும், குடும்பத்தோட போறப்ப அந்த நம்பர்தான் வைக்கணும். டயர் சுவர்ல அச்சடிச்சிருக்குற பெரிய நம்பர் அந்த டயர் தாங்குற உச்சபட்சம், வைக்க வேண்டிய அளவு இல்ல, இதுல நெறைய பேர் குழம்பிக்கிறாங்க.

காத்து செக் பண்றது டயர் ஆறியிருக்கறப்ப. வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், இல்லன்னா பங்க் வீட்டுலேர்ந்து ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். 33 வச்சு கிளம்புன டயர் ஹைவேல சூடானா 37, 38 காட்டும், அது சாதாரணம். அத பாத்து பயந்து நடுவழில காத்த இறக்கி விடுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, இறக்கி விட்டா டயர் இன்னும் அதிகமா வளையும், இன்னும் சூடாகும். வெயில் காலத்துல கொஞ்சம் கம்மியா வச்சா வெடிக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கே, அது சுத்தமா தலைகீழ். நைட்ரஜன் அடிச்சாச்சு, இனிமே பாக்கவே வேணாம்னு விடுறதும் தப்பு, நைட்ரஜனும் இறங்கும், என்ன கொஞ்சம் மெதுவா இறங்கும். சொந்தமா ஒரு பிரஷர் கேஜ் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க, பங்க் மெஷின் எல்லாமே சரியா காட்டும்னு சொல்ல முடியாது.

டயர் பிரஷர் லைட் இருக்கே எனக்கென்னன்னு இருக்காதீங்க. அமெரிக்க விதிப்படி அந்த லைட் காத்து 25 சதவீதம் குறைஞ்சதுக்கு அப்புறம் எரிஞ்சா போதும். அதாவது 33 வைக்க வேண்டிய டயர் 25க்கு இறங்கற வரைக்கும் லைட் அமைதியா இருக்கலாம், 28 பிஎஸ்ஐல ஃபுல் லோடோட 100ல போய்ட்டு இருப்பீங்க. பெல்ட் பிரியறத அந்த சென்சாருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து டயரோட வயசு. டயர் சுவர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கிற ஒரு நீள எழுத்து வரிசை இருக்கும், அதோட கடைசில நாலு நம்பர், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2318ன்னு இருந்தா 2018ல 23வது வாரம் செஞ்சது. சில டயர்ல இந்த நாலு நம்பர் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது வண்டிக்கு உள்பக்கமா மாட்டியிருந்தா வெளிய தெரியாது, ஸ்டியரிங்க திருப்பி வச்சு இல்ல மொபைல உள்ள நீட்டி வீடியோ எடுத்து பாருங்க. பல கார் கம்பெனிங்க 6 வருஷம் ஆனா ட்ரெட் எப்படி இருந்தாலும் மாத்துங்கன்னு சொல்றாங்க, டயர் கம்பெனிங்க எவ்வளவு நல்லா இருந்தாலும் 10 வருஷம் தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்க. ரப்பருக்கு காத்துல இருக்குற ஆக்சிஜனே எமன், அது உள்ள போகப் போக ரப்பர் இறுகி வளையற குணம் போய்டும், வண்டி ஓடினாலும் ஓடலன்னாலும் இது நடக்கும், வெயில் ஊர்ல இன்னும் வேகமா. என் கருத்த கேட்டா நம்ம ஊர் வெயிலுக்கு 6 வருஷம் ஆன டயர வச்சுக்கிட்டு லாங் டிரைவ் வேணாம், சிட்டிக்குள்ள மெதுவா வேணா ஓட்டிக்கோங்க. புது டயர் வாங்கறப்பவும் இந்த நாலு நம்பர பாத்துட்டு காசு கொடுங்க, கடைல ரெண்டு வருஷம் தூங்குன டயர தள்ளி விடுறதுண்டு. செகண்ட் ஹேண்ட் டயர் ஹைவேக்கு வேணவே வேணாம், அது எந்தக் குழில இறங்குச்சு, எவ்வளவு தூரம் காத்தில்லாம ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது.

டயர்ல 88எச் மாதிரி ஒண்ணு போட்டிருக்கும். 88ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச்ன்னா 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். இதெல்லாம் காத்து சரியா இருந்தாத்தான். விலை கம்மின்னு 82 போட்ட டயர் மாட்டினா ஒண்ணு 475 கிலோதான் தாங்கும், நாலு டயருக்கும் சேர்த்து 340 கிலோ போச்சு. கம்பெனி கொடுத்த நம்பருக்கு கீழ போகாதீங்க, அவ்வளவுதான்.

இனி கண்ணும் கையும். நல்ல வெளிச்சத்துல, முடிஞ்சா வண்டிய ஜாக்கி வச்சு தூக்கி (கை பிரேக் போட்டு, மத்த சக்கரத்துக்கு கல் வச்சு) ஒரு சக்கரத்த மெதுவா கையால சுத்திப் பாருங்க. ட்ரெட் நேர்கோட்டுல ஓடாம ஒரு இடத்துல மட்டும் பாம்பு மாதிரி நெளிஞ்சாலோ, மேல எழும்பினாலோ அங்க பெல்ட் பிரிய ஆரம்பிச்சிருக்கு. ட்ரெட் மேல ஒரு இடம் புடைச்சிருந்தா அப்படியே கழட்டிடுங்க, இன்னும் ஒரு ட்ரிப் போய்ட்டு வந்து பாக்கலாம்ங்கற பேச்சே கூடாது. பக்கச் சுவர்ல புடைப்பு இருந்தா அது வேற, குழில இறங்கினப்ப உள்ள நூல் அறுந்திருக்கு, அதுவும் மாத்த வேண்டியதுதான். ட்ரெட் பள்ளத்தோட அடில நீளவாக்குல விரிசல், தோள்பட்டைல ஓரமா சுத்தி கோடு மாதிரி விரிசல், ஒரு இடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கறது, இதெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. கையால தடவறப்ப தடியான கிளவுஸ் போட்டுக்கோங்க, கம்பி நீட்டிட்டு இருந்தா கைய கிழிச்சுடும். ட்ரெட் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருக்கணும், பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு இருக்கும், ட்ரெட் தேஞ்சு அந்த மேட்டோட சமமா வந்துட்டா முடிஞ்சது கதை. மழைக் காலத்துக்கு 3 மில்லிமீட்டர்லயே மாத்தறது நல்லது.

பஞ்சர் விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். ட்யூப்லெஸ் டயர்ல ஆணி ஏறினா ரோட்டோர கடைல குச்சி மாதிரி ரப்பர சொருகி அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. அவசரத்துக்கு அது ஓகே, ஊர் போய்ச் சேரலாம். ஆனா அந்த ஓட்டை வழியா தண்ணி ஸ்டீல் பெல்ட்டுக்குப் போனா கம்பி துரு பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பில ரப்பர் ஒட்டாது, காத்தும் அடுக்குக்கு நடுவுல கசிஞ்சு பிரிக்கும், மாசக்கணக்குல நடக்கற வேலை இது. அதனால டயர ரிம்ல இருந்து கழட்டி உள்பக்கம் பாத்து, காளான் மாதிரி இருக்குற பேட்ச் போடற கடைல நிரந்தரமா ஒட்டிக்கோங்க. கழட்டறப்ப உள்ள கருப்பா ரப்பர் தூள் கொட்டிச்சுன்னா அந்த டயர் காத்தில்லாம ஓடியிருக்கு, உள்பக்கம் அரைஞ்சு போச்சு, பஞ்சர் ஒட்டி பிரயோஜனம் இல்ல. தோள்பட்டைலயும் பக்கச் சுவர்லயும் விழுந்த ஓட்டைக்கு பஞ்சரே போடக் கூடாது.

ரெண்டு டயர் மட்டும் புதுசா வாங்கறீங்கன்னா புதுச பின்னாடி போடுங்க. நிறைய கடைக்காரங்க முன்னாடி போடுவாங்க, ஸ்டியரிங் முன்னாடிதானேன்னு ஒரு கணக்கு. முன் டயர் போனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங்ல பிடிச்சுக்கலாம். பின் டயர் போனா வண்டியோட வாலு சுத்திடும், அத பிடிக்கறது ரொம்பக் கஷ்டம். எக்ஸ்ப்ளோரர்லயும் உருண்ட வண்டிங்க அதிகம் பின் டயர் போனதுதான்.

ஓடறப்ப டயர் சொல்ற அறிகுறி

ட்ரெட் பிரியறது பல நேரம் சொல்லாம வர்றதில்ல. 60, 70ல ஒரு மெல்லிய அதிர்வு ஆரம்பிக்கும், ஸ்டியரிங்ல வந்தா முன் டயர், சீட்டுலயும் தரையிலயும் வந்தா பின் டயர். அத விட முக்கியம், மெதுவா போறப்ப டப் டப் டப்னு ஒரு சீரான சத்தம், வேகம் கூடக் கூட சத்தமும் வேகமாகும், பிரேக் பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் இருக்கும். பேலன்சிங் பண்ணியாச்சு, அலைன்மென்ட் பாத்தாச்சு, ஆனா நாலு நாள்ல அதிர்வு திரும்ப வந்துடுச்சுன்னா, இல்ல ஒரு வாரத்துக்குள்ள அதிர்வு கூடிட்டே போச்சுன்னா, திரும்ப பேலன்சிங் பண்ணி காச வீணாக்காம டயரத்தான் சந்தேகப்படணும். முன் டயர பின்னாடி மாத்தி போட்டுப் பாருங்க, அதிர்வு ஸ்டியரிங்ல இருந்து சீட்டுக்கு மாறுச்சுன்னா குற்றவாளி அந்த டயர்தான்.

ஹைவேல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா டீ குடிக்க நிறுத்தறோம் இல்லையா, அப்ப நாலு டயரையும் ஒரு சுத்து சுத்தி வந்து புறங்கைய கிட்ட கொண்டு போய் சூடு பாருங்க. நாலும் ஏறக்குறைய ஒரே சூடா இருக்கணும், வெயில் படற பக்கம் ரெண்டும் கொஞ்சம் அதிகமா இருக்கலாம். ஒண்ணு மட்டும் தனியா கொதிச்சா ஒண்ணு காத்து இறங்கியிருக்கு, இல்ல பிரேக் பிடிச்சிக்கிட்டு நிக்குது, ரெண்டுமே அப்படியே போகக் கூடிய விஷயம் இல்ல. ஓடறப்ப டப் டப்னு கேட்டுச்சுன்னா அடுத்த டோல் வரைக்கும் போய்டலாம்னு நினைக்காதீங்க, வேகத்த குறைச்சு இடது ஓரமா நிறுத்திடுங்க.

உரிஞ்சுட்டா அந்த சில செகண்ட்

பெரிய சத்தம் வரும், உரிஞ்ச பட்டை சக்கரத்தோட சுத்தி மட்கார்ட்ட அடிக்கும், கார்ல யாரோ சம்மட்டியால அடிக்கற மாதிரி இருக்கும். கால் தானா பிரேக்குக்குப் போகும். போகவிடக் கூடாது. இந்த ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னா போதும்: பிரேக் வேண்டாம். அந்த நேரம் ஒரு சக்கரத்துக்கு பிடிப்பே இல்ல, பிரேக் அடிச்சா பிடிப்பு இருக்குற பக்கம் வண்டிய திருப்பிடும்.

ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிங்க, வண்டிய அதே லேன்ல நேரா வைக்கறது ஒண்ணுதான் அப்ப வேலை. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால வெடுக்குன்னு எடுக்காம வண்டி நேரானதும் மெல்ல மெல்ல விடுங்க. வாலு ஒரு பக்கம் போனா ஸ்டியரிங்க அதே பக்கம் கொஞ்சமா திருப்பணும், பெருசா ஒடிச்சீங்கன்னா மறுபக்கம் சுத்தி நடுவுல இருக்குற அரளிச் செடியையும் தாண்டி எதிர் ரோட்டுக்குப் போய்டும், உயிர் போற விபத்து பலது இப்படி ஒடிக்கறதுலதான். வேகம் தானா 40, 50க்கு இறங்கட்டும், அதுக்கப்புறம் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடிய பாத்து, லேசா பிரேக் தொட்டு இடது ஓரம் வாங்க. கிரூஸ் கன்ட்ரோல் ஓடிட்டு இருந்தா ஸ்டியரிங் பட்டன்ல ஆஃப் பண்ணுங்க. கனமழைலயும் பழைய டயர்லயும் கிரூஸ் போடாம இருக்கறது நல்லது. இதெல்லாம் செய்ய நேரம் இருக்கணும்னா ஆரம்ப வேகம் முக்கியம், 100ல இது கைல நிக்கும், 140ல நிக்கறது அதிர்ஷ்டம்.

பின் சீட்டுல இருக்கறவங்களும் பெல்ட் போடணும், வண்டி உருண்டா பெல்ட் போடாதவங்கதான் வெளிய தூக்கி வீசப்படறாங்க. குழந்தைய மடில வச்சு முன் சீட்டுல உக்கார வைக்கறத தயவு செஞ்சு நிறுத்துங்க.

நின்னதுக்கு அப்புறம்

ஹசார்ட் லைட் போடுங்க, எல்லாரையும் இடது பக்க கதவு வழியா இறக்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க, கார்லயே உக்கார வேண்டாம். முக்கோண ரிஃப்ளெக்டர வண்டிக்குப் பின்னாடி 50 மீட்டராவது தள்ளி வைங்க, ராத்திரின்னா இன்னும் தள்ளி. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033க்கு போன் பண்ணினா ரோந்து வண்டி வரும், அடிபட்டிருந்தா 108. போன டயர் டிராஃபிக் பக்கம் இருந்தா நீங்களே ஸ்டெப்னி மாட்ட உக்காராதீங்க, ரோந்து வண்டி வந்து கோன் வச்சதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

இங்க ஒரு விஷயம் ஏமாத்தும். ட்ரெட் முழுசா உரிஞ்சும் டயர்ல காத்து அப்படியே நிக்கலாம், ஏன்னா உரிஞ்சது மேல் அடுக்கு, காத்த பிடிக்கறது கீழ் உடம்பு. காத்து இருக்கே, பக்கத்து ஊர் வரைக்கும் மெதுவா போய்டலாம்னு தோணும். அந்த மெல்லிசான உடம்பு எப்ப வேணா வெடிக்கும், ஒரு அடி கூட ஓட்டாதீங்க. உரிஞ்ச பட்டை உள்ள பிரேக் ஹோஸையோ சென்சார் ஒயரையோ அறுத்திருக்கலாம், மட்கார்ட் உள்பக்கம் டார்ச் அடிச்சு பாத்து, பிரேக் மிதிச்சா வழக்கம் போல கெட்டியா நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டெப்னி போட்டு கிளம்பணும். ஸ்டெப்னி சைஸ் சின்னதா இருந்து 80ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா 80 தாண்டக் கூடாது. ஸ்டெப்னிக்கும் கார் வயசுதான், டிக்கிக்குள்ள இருந்தாலும் அதுவும் கிழடு தட்டும், கிளம்பறதுக்கு முந்தின நாள் அதோட காத்தையும் தேதியையும் சேர்த்தே பாத்துருங்க. இப்ப வர்ற சில வண்டில ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான், உரிஞ்ச டயருக்கு அந்த கிட் எதுக்கும் உதவாது, டோ வண்டிதான்.

போன டயர கடைக்காரர்கிட்ட விட்டுட்டு வராதீங்க. டாட் நம்பர், உரிஞ்ச இடம், வண்டில ஆன சேதம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, டயர் பில்லோட சேர்த்து வைங்க, டயர் வாரண்டில கேக்கறதுக்கு டயரே கைல இருக்கணும். இன்சூரன்ஸ்ல சாதாரண ஃபுல் கவர் பாலிசி டயர் மட்டும் போனா காசு தராது, அதே சம்பவத்துல வண்டிக்கும் சேதம் ஆகியிருந்தாத்தான் டயருக்கும் கிடைக்கும், அதுவும் புது டயர் விலைல பாதி. மட்கார்ட் கிழிஞ்சிருந்தா அது வண்டிக்கு ஆன சேதம்தான், அதனால கிளெய்ம் போடறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு மட்கார்ட்ட ரிப்பேர் பண்ணிடாதீங்க, சர்வேயர் வந்து பாத்ததுக்கு அப்புறம் வேலைக்கு விடுங்க.